மெஷின் தராத ஒற்றைப் பவுண்டு

1

ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "லண்டன்ல என்னா வேல பாக்குற?" என்பதுதான். "காஞ்சிபுரத்துல பார்த்த அதே வேலைதான். பேங்குல கேஷ்" என்பேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். "அதுக்கா கடல் தாண்டி அவ்ளோ தூரம் போன?" என்று போன தடவை என் சின்ன மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். பணம் வாங்க வேண்டும், பணம் கொடுக்க வேண்டும். அங்கே முன்னால் கம்பி, இங்கே கண்ணாடி. வேறு என்ன வித்தியாசம் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எங்கள் கிளையின் வெளிச்சுவரில் ஒரு மெஷினைப் பதித்தார்கள். அட்டையை உள்ளே விட்டு எண்ணைத் தட்டினால் பணம் வெளியே வருகிறது. "மழை வரும்போல இருக்கே" என்று ஒரு பேச்சு கிடையாது, "பேரன் எப்படி இருக்கான்" கிடையாது. பசுமாட்டுக்குப் பதிலாகப் பால் பவுடர் டின்னைக் கொண்டுவந்து கொட்டிலில் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

மெஷினைப் பதித்த அன்றே எங்கள் மேனேஜர் மிஸ்டர் பெல்லமி எல்லோரையும் தேநீருக்குக் கூப்பிட்டார். இந்த ஊரில் கெட்ட செய்தியைத் தேநீரோடுதான் கொடுப்பார்கள். பிஸ்கட்டும் வைத்திருந்தால் ரொம்பக் கெட்ட செய்தி. அன்றைக்குப் பிஸ்கட் இருந்தது.

"நம்மிடம் நாலு கேஷ் ஜன்னல் இருக்கிறது. மெஷின் வந்த பிறகு மூன்று போதும். மாதக் கடைசி வரை பார்த்துவிட்டு எதை மூடுவதென்று முடிவு செய்வேன்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலாவது ஜன்னல் என்னுடையது. கடைசியாக வந்தவளும் நான்தான். ஜன்னல் போனால் நான் பின்னறைக்குத்தான் போக வேண்டும். அந்தப் பின்னறையில் நாலு வருஷம் செக் அடுக்கியவள் நான். மனித முகம் பார்க்காமல் செக்கின் முதுகை மட்டும் பார்த்துக் கழித்த வருஷங்கள். அங்கே திரும்பிப் போவதைவிட எங்கேயாவது தட்டு கழுவலாம் என்று தோன்றியது.

என் ஜன்னல் ஒன்றும் ராஜ சிம்மாசனம் இல்லை. வாசல் கதவை ஒட்டி இருக்கிறது. கதவு சரியாகச் சாத்தாது. குளிர்காலத்தில் அந்த இடுக்கு வழியாக வருகிற காற்று முட்டியில் ஊசி குத்தும். கதவைச் சரிசெய்யச் சொல்லி மூன்று குளிர்காலமாக மிஸ்டர் பெல்லமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு. இருந்தாலும் அது என் ஜன்னல்.

2

எனக்கு இந்த ஜன்னல் பைத்தியம் பிடித்த கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது.

அறுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு வங்கியில் சேர்ந்தேன். அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். "பொண்ணுக்கு பேங்குல வேல" என்று பஞ்சர் ஒட்ட வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேஷில் இருந்தவருக்கு மஞ்சள் காமாலை வரவே, வேறு வழியில்லாமல் என்னை அங்கே உட்காரவைத்தார்கள். அந்தக் கிளையில் அதுவரை ஒரு பெண் கேஷில் உட்கார்ந்ததில்லை. பட்டு ஜவுளிக்காரர்கள் பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றார்கள். நான் எண்ணைக் கூப்பிடுகிறேன், ஒருவரும் அசையவில்லை.

கடைசியில் ஜரிகைக் கடை பாய்தான் முன்னால் வந்தார். தறிக்காரர்களுக்கு முன்பணம் கொடுக்க வாரா வாரம் பணம் எடுப்பவர். வெள்ளைத் தாடி, அத்தர் வாசனை, வாயில் எப்போதும் பாதி வெற்றிலை. திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"என்னாப்பா நின்னுக்கினு இருக்கீங்க? உங்க மகாலட்சுமியே உக்காந்து குடுக்குது. வாங்கிக்கிறதுக்கு வலிக்குதா?"

போயிற்று. அன்று தொடங்கியது என் கைராசி. அடுத்த வாரத்தில் என் முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. பக்கத்துக் கவுண்ட்டர் சீனிவாசன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு எடுப்பவர்கள், புதுத் தறி போடுபவர்கள், மனைக்கு முன்பணம் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் இந்த மரகதம் கையால்தான் வேண்டும். சீனிவாசன் கையால் வாங்கிய பணத்தில் மாடு வாங்கி, அந்த மாடு உதைத்தது என்று ஏனாத்தூர்க்காரர் ஒருவர் சாட்சியே சொன்னார். பாவம் சீனிவாசன். மாடு உதைத்ததற்கு அவன் என்ன செய்வான்.

அந்த ஊரில் பணம் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான். நல்ல காரியத்துக்கு எடுக்கும் பணம் பூஜ்யத்தில் முடியக் கூடாது. ஐநூறு வேண்டுமென்றால் ஐநூற்றொன்று, ஆயிரமென்றால் ஆயிரத்தொன்று. பூஜ்யத்தில் முடிந்தால் அத்தோடு முடிந்தது, ஒன்று சேர்ந்தால் மேலே வளரும். வலது கையால் கொடுக்க வேண்டும், வலது கையால் வாங்க வேண்டும். அந்த ஒற்றை ரூபாய் கட்டின் மேலே இருக்க வேண்டும், அடியில் சொருகினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வைகாசி முகூர்த்த நாட்களில் என் மேஜைமேல் ஒற்றை ரூபாய்கள் குவிந்துகிடக்கும்.

இந்த நேரத்தில் பம்பாயில் பல வருஷம் இருந்த ஒருவர் எங்களுக்கு மேனேஜராக வந்தார். தமிழர்தான், ஆனால் நம் ஊர் வாடை போய்விட்டிருந்தது. அப்போது சில்லறைக்குத் தட்டுப்பாடு. என் மேஜையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். மறுநாளே பலகையில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்: இனிமேல் முழுப் பத்தாக மட்டுமே பணம் எடுக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி.

அன்றைக்கென்று முசரவாக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க வந்தார். இரண்டாயிரத்தொன்று என்று எழுதிக்கொண்டு வந்திருந்த சீட்டை இரண்டாயிரம் என்று மாற்றி எழுதச் சொன்னார்கள். எழுதினார். நான் எண்ணி நீட்டினேன். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொட்டையா எட்துக்கினு போயி பந்தக்கால் நடச் சொல்றியாம்மா?"

"எனக்கு வந்திருக்கிற உத்தரவு அதுதான் பெரியவரே."

"உத்தரவு போட்டவரு பொண்ணுக்கு இப்டி மொட்டையா குடுப்பாரா? கேட்டுச் சொல்லு. நான் நின்னுக்கினே இருக்கறேன்."

நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள். மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் தலையில் முடி கிடையாது. 'மொட்டை' என்று சொன்னது தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டு அவர் குதித்தது தனிக்கதை. பதினோரு மணிக்குள் வேலை ஸ்தம்பித்துவிட்டது. பணத்தை வைத்துக்கொண்டு நானும், டோக்கனை வைத்துக்கொண்டு ஊரும். என் கையிலிருந்து ஒரு ரூபாய் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், கேஷில் உட்காருபவர்கள் சொந்தக் காசு வைத்திருக்கக் கூடாது என்பது விதி.

வரிசையின் நடுவிலிருந்து பாய்தான் வந்தார். பெரியவரிடம் காதோடு என்னவோ சொன்னார். பெரியவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய் எடுத்தார். பாய் அதை வாங்கி என் பக்கம் தள்ளினார்.

"இந்தாம்மா. இது அவரு ரூபா. நீ கையில வாங்கு. வாங்கி, கட்டு மேல வச்சி, நீயே குடு. சீட்டுல மொட்ட, கையில ஒண்ணு சேந்துது. மேனேஜருக்கும் குத்தமில்ல, மகாலட்சுமிக்கும் குத்தமில்ல."

"பாய், உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? உங்களுக்குத்தான் இதெல்லாம் கிடையாதே."

"எனக்கு ஏது? வாங்கிக்கிற தறிக்காரருக்கு இருக்குதே. மொட்டையா குடுத்தா என் ஜரிகைய எவன் தொடுவான்?"

பெரியவர் இரண்டு கையாலும் கும்பிட்டு, பிறகு வலது கையால் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு ஊரே சொந்த ஒரு ரூபாயோடு வங்கிக்கு வந்தது. என்னிடம் கொடுப்பார்கள், அதையே என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். அறிவிப்பு பலகையிலேயே இருந்தது. மேனேஜர் ஜெயித்தார், ஊரும் ஜெயித்தது. இப்படி ஒரு சமாதானத்தை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. போன வாரம் வரைக்கும்.

3

கல்யாணமாகி, என் வீட்டுக்காரரோடு லண்டனுக்கு வந்தேன். அவருக்கு ரயிலில் வேலை. நானும் வங்கி வேலைக்கு மனு போட்டேன். பழைய கிளையிலிருந்து சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சீனிவாசன் அதற்குள் தலைமைக் கேஷியர் ஆகியிருந்தான். நல்ல மனசுக்காரன், பகை பாராட்டாமல் எழுதி அனுப்பினான்: வாடிக்கையாளர்கள் எப்போதும் இவர் கையையே விரும்பினார்கள் என்று. நேர்முகத்தில் இருந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் என் கையைப் பார்த்தாள். நானும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வேலை கொடுத்தார்கள். ஆனால் பின்னறையில். "உங்கள் உச்சரிப்பு வாடிக்கையாளர்களுக்குப் புரியாமல் போகலாம்" என்றார்கள். பின்னறையில் உட்கார்ந்து அவர்கள் உச்சரிப்பு எனக்கும் புரியாமல் போயிற்று. நாலு வருஷம் கழித்து ஒரு கேஷியர் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். அவர் கால் எனக்கு வழி விட்டது. அவர் நன்றாக இருக்கட்டும், இப்போது நடக்கிறார்.

ஜன்னலில் உட்கார்ந்த முதல் மாதம், மிஸஸ் டாப்சன் என்ற அம்மாள் வந்தார். தலையில் முடி சுருட்டும் ரோலர்களை ஒரு துணியால் மூடிக்கட்டிக்கொண்டு, "சனிக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம் கண்ணு" என்றார். நூறு பவுண்டுக்குச் செக். நான் பத்துப் பவுண்டுத் தாள்களை எண்ணினேன். எண்ணி, மேலே ஒரு பவுண்டு வைத்து, வலது கையால் நீட்டினேன். கை தானாகச் செய்தது. சத்தியமாக மூளைக்குத் தகவலே வரவில்லை. அந்த அம்மாள் எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் ஒரு பவுண்டு குறைந்தது. எங்கே போயிற்று என்று உடனே புரிந்துவிட்டது. மிஸ்டர் பெல்லமி கூப்பிட்டார்.

"யாருக்குப் போனதென்று தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் கூடுதலாகக் கொடுத்தீர்கள்?"

"அவர் மகளுக்குக் கல்யாணம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பூஜ்யத்தில் முடியக் கூடாது என்பதையும், ஒன்று சேர்ந்தால் வளரும் என்பதையும் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. "அப்படியென்றால் நீங்கள் கல்யாணத்துக்கு மொய் வைத்திருக்கிறீர்கள். வங்கியின் பணத்தில்" என்று அவர் சொன்னார். மொய் என்ற சொல் அவருக்குத் தெரியாது, பரிசு என்றார், ஆனால் கருத்து அதுதான். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் எரிச்சல்.

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே மிஸஸ் டாப்சன் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். கையில் அந்த ஒரு பவுண்டு. "உன் கணக்கு உதைக்குமே கண்ணு, தூக்கமே வரவில்லை" என்றார். வாங்கிக்கொண்டு காரணத்தையும் சொன்னேன். மிஸ்டர் பெல்லமி பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மாள் யோசித்தார். கைப்பையைத் திறந்தார். செக் புத்தகத்தை எடுத்து ஒரே ஒரு பவுண்டுக்குச் செக் எழுதி என்னிடம் தள்ளினார்.

"அப்படியானால் முறையாகவே கொடு. என் மூத்தவள் கல்யாணம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை."

மிஸ்டர் பெல்லமியின் காது சிவந்துவிட்டது. "இந்தக் கிளையில் செக்கில் எழுதியிருப்பதுதான் கைக்குப் போகும். இன்னொரு முறை இப்படி நடந்தால் பின்னறைதான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

இளையவள் கல்யாணம் இன்றுவரை நன்றாகவே இருக்கிறது. என் கையா, அந்த மாப்பிள்ளையின் பொறுமையா, எனக்குத் தெரியாது. ஆனால் மிஸஸ் டாப்சன் பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு கிழவியாக என் ஜன்னலுக்கு வந்து பதினொன்று, இருபத்தொன்று என்று செக் நீட்ட ஆரம்பித்தார்கள். மிஸ்டர் பெல்லமி அவற்றைப் பார்த்தால் மூக்கால் ஒரு சத்தம் விடுவார். செக்கில் எழுதியிருக்கிறதே, அவர் என்ன சொல்ல முடியும்.

4

மெஷின் வந்ததும் வரிசை வெளியே போய்விட்டது. இளவட்டங்கள் மழையில் நனைந்துகொண்டு சுவரிடம் பணம் வாங்கினார்கள். உள்ளே நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். சீனிவாசன் ஓட்டிய ஈ என்னிடம் வந்து சேர்ந்தது.

வீட்டில் அனுதாபம் கிடைக்கும் என்று பார்த்தால், என் மகள் கவிதா மெஷின் கட்சி. ஏழு வயது. "மம், அது சூப்பர். அது தப்பே பண்ணாது."

"நான் பண்றேனா?"

"டாடி சொன்னார், நீ ஒன் பவுண்டு எக்ஸ்ட்ரா குடுத்தே."

அவரைப் பார்த்தேன். அவர் பேப்பரில் தலையை நுழைத்துக்கொண்டார். வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டது யார் என்று அன்று சாப்பாட்டின்போது அவருக்குப் புரியவைத்தேன்.

மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்குக் கோபம்தான் வந்தது. துக்கத்தைவிட எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மிஸ்டர் பெல்லமி காலையிலும் மாலையிலும் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் மிஸஸ் டாப்சன் உள்ளே வந்து, ஊர் கேட்க முறையிட்டார்: "அந்த இரும்புக் கழுதையிடம் இருபத்தொன்று கேட்டேன். பத்துப் பத்தாகத்தான் தருமாம். ஓர் உதை விட்டேன்." மெஷின் மொட்டையாகத்தான் கொடுக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பம்பாய் மேனேஜர் சுவருக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார். மிஸ்டர் பெல்லமி மூக்கால் சத்தம் விட்டார்.

ஆனால் அந்த மாதம் அவருக்கும் நிம்மதி இல்லை. அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷம் முன்பு அதே பெண்ணுக்கு நிச்சயமாகி, பத்திரிகையெல்லாம் அடித்து, கடைசி வாரத்தில் மாப்பிள்ளை மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கிளை முழுக்கத் தெரியும், யாரும் பேச மாட்டோம். அப்போது மனிதர் ஒரு வாரம் அறைக் கதவைத் திறக்கவில்லை. இப்போது மறுபடி நாள் வர வர, அவர் தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் மூடுகிற மனுஷன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. வந்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

5

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. மாதத்தின் கடைசி வேலை நாள். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். முடிவைத் திங்கட்கிழமை சொல்வதாக அறிவித்திருந்தார்.

வங்கி மூடும் நேரத்தில் மிஸ்டர் பெல்லமி அறையிலிருந்து வந்தார். வழக்கம்போல் எங்கள் பின்னால் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு வாடிக்கையாளர் பக்கம் போனார். முதல் ஜன்னல் காலி, இரண்டாவது காலி, மூன்றாவதில் இருந்த பையன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் தாண்டி என் முன்னால் வந்து நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்ப்பது எனக்குப் புதிது. சின்னதாகத் தெரிந்தார்.

செக்கைத் தள்ளினார். முந்நூறு. மொட்டை முந்நூறு. இருபத்தொன்றுக்கு மூக்கால் சத்தம் விட்டவர் தன் கையால் ஒன்று சேர்த்து எழுதுவாரா?

வெள்ளிக்கிழமை பணம் கொடுக்க எனக்கு இன்றும் கை கூசும். இங்கே வெள்ளிக்கிழமைதான் எல்லோரும் எடுப்பார்கள், இத்தனை வருஷமாகக் கூசிக்கொண்டே கொடுக்கிறேன். எண்ணினேன். கட்டை அவர் பக்கம் தள்ளினேன். இந்த முறை மூளை விழிப்பாக இருந்தது, மேலே ஒன்றும் வைக்கவில்லை.

அவர் எடுக்கவில்லை.

இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். கோட்டின் உள்பையிலிருந்து பணப்பையை எடுத்து, அதிலிருந்து ஒரு பவுண்டுத் தாளை உருவி, கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"கணக்கில் போடவா? சீட்டு எழுதவில்லையே" என்றேன்.

"கணக்கில் வேண்டாம். இது என்னுடையது. நீங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்." குரல் தாழ்ந்தது. "வாங்கிவிட்டு, சிரமமில்லை என்றால், எனக்குத் திருப்பிக் கொடுங்கள். அதோடு சேர்த்து."

அந்த முசரவாக்கத்துப் பெரியவரும், அவர் இடுப்பு முடிச்சும், பாயின் அத்தர் வாசனையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருமிக்க வந்து நின்ற மாதிரி இருந்தது. பாயின் யோசனையை நான் இந்த ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்த மனிதருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. பெண்ணைப் பெற்றவன் பயத்தில் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். என் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க மேஜையில் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்தேன்.

ஒரு பவுண்டை வாங்கினேன். முந்நூறின் மேலே வைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்து வலது கையில் பிடித்து நீட்டினேன். அவர் இடது கையை நீட்டினார். நான் விடவில்லை. இழுத்துப் பார்த்தார். அப்போதும் விடவில்லை.

"வலது கை, மிஸ்டர் பெல்லமி."

பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையை மாற்றினார். கொடுத்தேன். எண்ணவில்லை, அப்படியே உள்பையில் வைத்து, கோட்டின் மேலே ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பெண் நன்றாக இருப்பாள்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார். கதவுவரை போனவர் நின்றார். குனிந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மூன்று குளிர்காலமாக நான் சொன்ன காற்று அவர் கையில் பட்டிருக்க வேண்டும்.

"இது மோசமாக இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை தச்சனை வரச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "அதெல்லாம் சரி, ஜன்னலப் பத்தி என்னா சொன்னாரு?" என்று கேட்டார். ரயிலிலேயே இருந்து இருந்து மனிதருக்குச் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும்தான் புரிகிறது. மூடப்போகிற ஜன்னலுக்கு யாராவது குளிரடிக்காமல் இருக்கத் தச்சனைக் கூப்பிடுவார்களா?